இல்லாததும் ஒரு கணக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

எண்ணுவது எளிது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லத் தெரிந்தவன் எவனும் எண்ணிவிடலாம் அல்லவா! ஆனால், எண்ணியதை உள்ளபடி எழுதுவது எத்தனை கடினம் என்பதைச் சென்ற பொங்கல் விடுமுறையில்தான் அறிந்துகொண்டேன்.

தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கலையொட்டிய நான்கு நாட்களில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடைபெற்று வருகிறது. ஆர்வமுள்ள எவரும் பங்குகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் கவனித்து, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் 'ஈபேர்ட்' இணையதளத்தில் பதிய வேண்டும். இத்தகைய முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைப் போட்டி போட்டுச் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக, அவற்றை எண்ணும் வழக்கத்தை அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலார் தொடங்கினார். அன்று எண்ணியவர்கள் 27 பேரே!

நாங்கள் ஆறு பேர் முதல் நாள் காலையில் சிங்காநல்லூர் குளத்துக்குச் சென்றோம். நொய்யல் நீர் வந்து சேரும் அக்குளத்தை 2017இல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. திருச்சி சாலையில் பேருந்துகள் அலறிக்கொண்டிருக்க, குளத்திலோ நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தன. முக்குளிப்பான் மூழ்கி மூழ்கி எழுந்தது. கூழைக்கடா ஒன்று பெரியவர் போல அமைதியாக நீந்தியது. பத்து ஆண்டுகளாக அவ்வழியே பேருந்தில் போய்வந்தவன் நான். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

மறுநாள் அவரவர் தெருவை எண்ணுவதென்று முடிவாயிற்று. எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று எண்ணினேன். காகம், மைனா, இரட்டைவால் குருவி, பருந்து என்று 11 இனங்கள் தேறின. நண்பன் ஒருவன் தன் தெருவில் 14 என்று செய்தி அனுப்பினான். எனக்குப் பொறுக்கவில்லை. சிறுவயதில் எங்கள் ஓட்டு இடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டியது நினைவுக்கு வந்தது. 'இங்கே எங்காவது இல்லாமலா போகும்?' என்று, 'சிட்டுக்குருவி - 4' எனச் சேர்த்துக்கொண்டேன்.

இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, பட்டியலைப் படித்துக் காட்டச் சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்று, நூற்பாலையில் 28 ஆண்டுகள் உழைத்தவர். ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர், சிட்டுக்குருவியில் நிறுத்தினார்.

"குருவிய எங்கே கண்ணு பார்த்தே?"

"பார்க்கலீங்கப்பா. இருக்குமுன்னு எழுதிட்டேனுங்க."

அவர் கோபிக்கவில்லை. "மில்லுல ஷிப்டு முடியறப்போ மீட்டரப் பார்த்து எழுதோணும் சாமி. மிஷின் நின்னுதுன்னா நின்னுதுன்னுதான் எழுதோணும். ஓடுச்சுன்னு எழுதிப்போட்டா, பழுதுன்னு யாருக்குத் தெரியும்? யார் வந்து சரி பண்ணுவாங்க?" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் திகைத்து நின்றேன். பட்டியலை அனுப்புமுன், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளும் இதில் உள்ளனவா என்று ஈபேர்ட் கேட்கிறது. 'ஆம்' என்றால், பட்டியலில் இல்லாத பறவை அந்நேரம் அங்கே காணப்படவில்லை என்று கொள்ளலாம். ஆகவே இல்லாமையும் ஒரு செய்தி. என்னுடைய நான்கு பொய்க் குருவிகள், உண்மையில் மறைந்துபோன குருவிகளை மறைத்திருக்கும்!

ஆய்வுக்கூடத்தில் வரவேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவுகளைத் திருத்தி எழுதிய நாட்களும் நினைவுக்கு வந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அறிவியலின் முதல் பாடத்தை எனக்குச் சொன்னவரோ ஐந்தாம் வகுப்புக்காரர்.

குருவிகளை அழித்துவிட்டுப் பட்டியலை அனுப்பினேன். மறுநாள் காலை, ஷிப்டு முடிந்து வந்த அப்பாவும் தூங்கப் போகாமல் என்னோடு வாசலில் நின்றார். 15 நிமிடம் ஆயிற்று, குருவி வரவில்லை.

"அடுத்த பொங்கலுக்கும் பார்ப்போம் கண்ணு" என்றார்.

நண்பர்களே, அடுத்த பொங்கலுக்கு நீங்களும் உங்கள் வாசலில் நில்லுங்கள். வந்ததை எழுதுங்கள். வராததை, வந்ததாக மட்டும் எழுதாதீர்கள்.