காட்டில் கடைந்த கால்கள்

லண்டன் மேரிலபோன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஹை விக்கம். இவ்வூர்க் கால்பந்து அணிக்கு 'நாற்காலிப் பையன்கள்' என்று செல்லப்பெயர். 1877இல் விக்டோரியா அரசி, பிரதமர் டிஸ்ரேலியின் மாளிகைக்குப் போகையில் இங்கே தெருவுக்குக் குறுக்கே நாற்காலிகளையே அடுக்கி வளைவு கட்டினார்கள். வாசலில் வாழைமரம் கட்டும் ஊரிலிருந்து வந்த பயணிக்கு, அந்த வரவேற்பு சட்டென்று மனதுக்கு நெருக்கமாகிவிட்டது.

ஊர் அருங்காட்சியகத்தில் விண்ட்சர் நாற்காலிகள். ஒரே நாற்காலியில் மூன்று மரங்கள். உட்காரும் பலகை எல்ம். நார்கள் பின்னிக் கிடப்பதால் துளையிட்டாலும் எளிதில் பிளக்காது. அதைக் காலடியில் அமுக்கிப் பிடித்து, பாதங்களுக்கு நடுவே வாய்ச்சியால் குடைவார்களாம். வளைந்த சாய்மானம், ஆவியில் வேகவைத்து வளைத்த ஆஷ். கால்கள் பீச்.

அந்தக் கால்கள்தாம் பயணியைப் பிடித்து நிறுத்தின.

சில்டர்ன் குன்றுகளின் பீச் காடுகளில் குடிசை போட்டு வேலை செய்தவர்கள் பாட்ஜர்கள். வெட்டிய மரத்தை ஈரம் காயுமுன்னே பிளப்பார்கள். அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும். பிளந்தால் அது காலின் நீளத்துக்கும் ஓடும். மெல்லிய காலும் ஆளைத் தாங்குவது அதனால்தான். பிறகு கடைசல். மேலே வளையும் ஒரு கழி, கீழே மிதிகட்டை, இரண்டையும் இணைக்கும் கயிறு மரத்துண்டைச் சுற்றியிருக்கும். மிதித்தால் துண்டு முன்னே சுழலும், உளி சீவும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து துண்டைப் பின்னே சுழற்றும், உளி ஓய்வெடுக்கும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளோடு விளையாடி வளர்ந்தவர் பயணி. இயந்திரம் வேறானாலும் உருளும் மரத்தில் உளி வைக்கும் அந்தக் கைவித்தை அவருக்குப் புதிதல்ல.

கடைந்ததை நன்றாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மாட்டினால் கால் துளைக்குள்ளேயே சுருங்கி ஆட ஆரம்பித்துவிடும்.

பாட்ஜர் முழு நாற்காலி செய்வதில்லை. 144 கால்கள், 108 குறுக்குக் கட்டைகள்: அதுதான் அவர் விற்ற ஒரு 'குரோஸ்'. நாற்காலிக்கு நாலு காலும் மூன்று கட்டையும் என்றால் 36 நாற்காலிகளுக்குக் கணக்குச் சரி. கோத்து முடிப்பது ஊர்ப் பட்டறைகளின் வேலை. இத்தனை நுணுக்கம் தெரிந்தவரின் பெயர் எந்த நாற்காலியிலும் இல்லை என்பது பயணிக்கு உறுத்தியது.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டுக் கடைசல் ஓய்ந்தது. 1970களில் பூஞ்சை நோய் இங்கிலாந்தின் எல்ம் மரங்களை லட்சக்கணக்கில் வீழ்த்தியது. பீச் காடு இன்னும் நிற்கிறது. மாலையில் அதற்குள் நடந்த பயணி, நேராக உயர்ந்த ஒரு மரத்தைக் கண்டு நின்றார். இதில் எத்தனை கால் தேறும் என்று கண் தானாகவே அளந்தது.