கேக்கும் காஸ்ட் ஷீட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு கேக் சாப்பிடத்தான் தெரியும். பி.காம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஒரு அரியர் இருக்கிறது. (சிரிக்காதீங்க.) அந்த அரியர் பாடம் எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை, எங்கள் வீட்டு அடுப்படியில். அந்தக் கதைதான் இது.

எங்கள் அக்கா டிகிரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுக்கிறாள். அப்பா இதை 'பொழுதுபோக்கு' என்பார். வரன் பார்க்க வருகிறவர்களிடமும் அப்படியே சொல்வார். அக்கா ஒன்றும் பேச மாட்டாள், உள்ளே போய் மிக்ஸரைப் போட்டுவிடுவாள்.

போன ஜூலையில், மாங்கனித் திருவிழா முடிந்த பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். 1954-ல் அவர்கள் போனார்கள், 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதனால் இங்கே தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்சில் ஆள் இருப்பார்கள். விடுமுறைக்கு வந்த அப்படி ஒரு குடும்பம், அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் வைத்திருந்தார்கள். காலையில் கோயில், சாயங்காலம் காரைக்கால் மண்டபத்தில் விருந்து. அதில் வெட்ட இரண்டு அடுக்கு கேக், முட்டை கூடாது, வெள்ளை வெளேரென்று ஃபாண்டன்ட் போர்த்தியிருக்க வேண்டும். அக்கா 4,500 ரூபாய் சொன்னாள். அவர்கள் பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்கு: ஃபாண்டன்ட் என்பது சர்க்கரைப் பொடி, குளுக்கோஸ் சிரப், கிளிசரின் எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவு. சப்பாத்தி மாதிரி தேய்த்து கேக் மேல் போர்த்துவார்கள். சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும், அதனால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கணும். அதற்காக அக்கா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள். ஃபாண்டன்ட் என்பதே பிரெஞ்சு வார்த்தைதான். 'உருகுகிற' என்று அர்த்தமாம். ஆனால் பிரான்சில் அந்தப் பேர் பெரும்பாலும் எக்லேர் மேல் ஊற்றுகிற சர்க்கரைப் பாகுக்குத்தான். போர்த்துகிற இதை அவர்கள் 'சர்க்கரை மாவு' என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு முதல் பேர்தான் பொருத்தம். சர்க்கரை காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். கடல்காற்று அடிக்கிற ஊரில் அது உருகத்தான் பார்க்கும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. வியாழக்கிழமை இரவே அக்கா வேலையை ஆரம்பித்தாள். கேக்கில் இல்லை, போர்டில்! கேக் உட்காருகிற அட்டை. 14 இன்ச் வட்டம், அரை இன்ச் கனம். அதன் மேல் பிரஷ்ஷால் லேசாகத் தண்ணீர் தடவி, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்த ஃபாண்டன்ட்டை விரித்தாள். ஸ்மூத்தரால் வழித்து, ஓரத்தில் தொங்கினதைக் கத்தியால் வெட்டினாள்.

"போர்டுக்கு எதுக்குக்கா ஃபாண்டன்ட்? யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"வெள்ளி அட்டை மேல வெள்ளை கேக் வச்சா, வேட்டி கட்டிட்டு பிளாஸ்டிக் செருப்பு போட்ட மாதிரி இருக்கும்டா."

போர்டு காயாமல் கேக்கை வைத்தால் அழுந்தி, சுருங்கிவிடும். மற்ற ஊரில் ஒரு ராத்திரி போதுமாம். வெள்ளிக்கிழமை காலை காய்ந்ததா என்று பார்க்க நான் கட்டை விரலால் அழுத்தினேன். பெருவிரல் ரேகை அப்படியே பதிந்தது, பத்திரத்தில் கைநாட்டு வைத்த மாதிரி. அக்கா முறைத்த முறைப்பை இங்கே எழுத முடியாது.

ஏசி போட்டால்தான் அறையில் ஈரம் குறையும். வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஒரு அறையில், அது அப்பா அம்மா படுக்கிற அறை. அக்கா கேட்கத் தயங்கினாள், அம்மாதான் சொன்னார். வெள்ளி ராத்திரி அப்பா தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் படுத்தார். உள்ளே ஏசியில் ஒரு அட்டை சுகமாகத் தூங்கியது :-)

சனிக்கிழமை போர்த்துகிற வேலை. கேக் 10 இன்ச் ஒன்று, 6 இன்ச் ஒன்று, இரண்டும் 4 இன்ச் உயரம். முதலில் சாக்லேட் இரண்டு பங்கு, க்ரீம் ஒரு பங்கு போட்ட கனாஷைப் பூசி ஓரமெல்லாம் நேராக்கி, இறுக விட்டாள். அடியில் மேடுபள்ளம் இருந்தால் மேலே தெரிந்துவிடும். எவ்வளவு பெரிதாகத் தேய்க்கணும்? கேக்கின் அகலம், அதோடு இரண்டு பக்க உயரம். 10 + 4 + 4, ஆக 18 இன்ச். ஓரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தக் கணக்கு மட்டும் நான் போட்டேன்.

உருட்டுக்கட்டையில் சுற்றித் தூக்கி, கேக் மேல் விரித்து, முதலில் மேல்பக்கத்தை நடுவிலிருந்து வெளியே தடவணும், உள்ளே காற்று மாட்டக்கூடாது. அப்புறம் விளிம்பு. பக்கங்களில் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். அதை அழுத்தினால் கெட்டது. வெளியே மெல்ல இழுத்துப் பிரித்து, மேலிருந்து கீழாகத் தடவி ஒட்டணும். எங்காவது காற்றுக் குமிழ் வந்தால் மெல்லிய ஊசியைச் சாய்வாகக் குத்தித் தடவ வேண்டும்.

10 இன்ச் அழகாக வந்தது. 6 இன்ச்சில் விளிம்பு கிழிந்தது. கார்ன்ஃப்ளார் அதிகம் தூவியதால் ஃபாண்டன்ட் காய்ந்து, யானைத்தோல் மாதிரி வெடித்திருந்தது. பிரித்து எடுத்தால் வெள்ளையெல்லாம் சாக்லேட் கறை. அக்கா இரண்டு நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் கலங்கியதா, வேர்வையா, நான் கேட்கவில்லை. பிறகு எழுந்து புதிதாகப் பிசைந்தாள். கறை பட்டதைக் கோகோ சேர்த்துப் பழுப்பாக்கி, கேக் அடியைச் சுற்றி வைக்கிற கயிறாகத் திரித்தாள்.

அன்று ராத்திரியும் அப்பாவுக்கு ஹால்தான். படுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இந்தக் கரண்டு பில்லு உன் கணக்குல இருக்காம்மா?"

குத்தலாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் அக்காவிடம் பதில் இல்லை.

ஞாயிறு மாலை மண்டபத்தில் வைத்துத்தான் அடுக்கினோம். கீழ் கேக்குக்குள் ஐந்து குச்சிகளை, கேக் உயரத்துக்கே சரியாக வெட்டி இறக்கியிருந்தாள். மேல் கேக் தன் சொந்தச் சின்ன அட்டையோடு அந்தக் குச்சிகள் மேல்தான் நிற்கிறது, கேக் மேல் இல்லை. முட்டை இல்லாத கேக் சீக்கிரம் உதிரும், பாரம் தாங்காது. பாரம் முழுக்கக் குச்சி வழியாகப் போர்டுக்கு இறங்குகிறது. நான் "யாரு பாக்கப் போறாங்க" என்று கேட்ட அதே போர்டு!

குளிர்ந்த இடத்திலிருந்து வந்ததும் ஃபாண்டன்ட் முத்து முத்தாக வேர்த்தது. நான் துடைக்கத் துணியை எடுத்தேன். "தொடாத! தானா காயும்" என்று அக்கா கத்தினாள். ஃபேனைத் திருப்பிவிட்டோம், காய்ந்தது. என் கைநாட்டின் மேல் ஒரு சர்க்கரை ரோஜா உட்கார்ந்தது. பிரான்சிலிருந்து வந்த அம்மா கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். அக்கா கையைப் பிடித்து, "அங்க இதுக்கு எவ்ளோ கேப்பாங்க தெரியுமாம்மா?" என்றார். அக்கா வெறுமனே சிரித்தாள்.

திங்கட்கிழமை நானும் அக்காவும் உட்கார்ந்து காஸ்ட் ஷீட் போட்டோம். அக்கா முன்பு கணக்கில் எடுத்தது மாவு, சாக்லேட், க்ரீம், ஃபாண்டன்ட் நான்கும்தான். தேய்த்த 2.4 கிலோ ஃபாண்டன்ட்டில் அரை கிலோ, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், போர்டுக்குப் போயிருந்தது. அது கணக்கில் இல்லை. போர்டு, ரிப்பன், குச்சி, பாண்டிச்சேரி பஸ், வேன், ஏசிக்குத் தோராயமாக 120 ரூபாய், எதுவுமே இல்லை. எல்லாம் சேர்த்தால் 4,120. மீதி 380.

"நேரம் எவ்ளோக்கா ஆச்சு?"

"அதெல்லாமா எழுதுவாங்க?"

எழுதினோம். போர்டு ஒன்றரை, பேக்கிங் நாலு, கனாஷ் மூணு, போர்த்தியது மூணு, ரோஜாக்கள் அஞ்சு, மண்டபம் ரெண்டரை. மொத்தம் 19 மணி நேரம். 380-ஐ 19-ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய்.

பிரைம் காஸ்ட் என்றால் பொருள், கூலி, நேரடிச் செலவு என்று எத்தனை தடவை மனப்பாடம் பண்ணியிருப்பேன்! வெட்டி எறிந்த ஓரம் நார்மல் லாஸ், கிழிந்தது அப்நார்மல் லாஸ், என் பெருவிரலும் அப்நார்மல் லாஸ். எல்லாம் தெரியும். வீட்டிலேயே ஒருத்தி தன் கூலியைப் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. அப்பா சொன்ன 'பொழுதுபோக்கு' என்ற வார்த்தையை அவளும் நம்பியிருக்கிறாள். நானும்தான்.

அடுத்து ஒருவர் அதே மாதிரி கேக் கேட்டார். மணிக்கு 100 ரூபாய் கூலி போட்டு, கொஞ்சம் லாபம் சேர்த்து அக்கா 7,000 சொன்னாள். குரல் நடுங்கியது. அவர் "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்தவர்தான், திரும்பக் கூப்பிடவில்லை. அந்த ஆர்டர் போச்சு. விலையை இறக்கலாமா என்று நான்தான் கேட்டேன், அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்த வாரம் எதுவும் ஆர்டர் இல்லையா? ரூமு வேணும்னா முன்னாடியே சொல்லிடு."

டிஸ்கி: அரியர் பரீட்சை அடுத்த மாதம். கேள்வி கேக் பற்றி வந்தால் சென்டம் உறுதி.