செவலையாய்ப் பிறந்த மயிலை

விராலிமலைப் பக்கம் ஒரு கிராமம். தை 15-ம் தேதி விடியற்காலையில் அப்பத்தாவின் மயிலைப் பசு கன்று ஈன்றது. காளைக் கன்று. இளங்கொடி விழுந்து, சீம்பால் பீய்ச்சி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பிய பிறகுதான் அப்பத்தா கன்றை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். கன்று செங்கல் நிறத்தில் இருந்தது.

பசு மயிலை. அது சேர்ந்த காளையும் மயிலைதான். திமிலும் கழுத்தும் மட்டும் கரி பூசினாற்போல் கறுத்திருக்கும். சாம்பலும் சாம்பலும் சேர்ந்தால் செவலை எப்படி வரும்?

காளைக்குச் சொந்தக்காரர் நாலு வீடு தள்ளி இருப்பவர். சிங்கப்பூரில் ஏழு வருஷம் உழைத்துவிட்டு வந்து, ஜல்லிக்கட்டு ஆசையில், வளர்ந்த காங்கேயம் காளையாகப் பார்த்து வாங்கியவர். அந்தக் காளையின் கன்றுப் பருவத்தை அவர் பார்த்ததில்லை. ‘காளைக் கன்று பிறந்தா நானே எடுத்துக்குறேன் ஆத்தா’ என்று வாக்குக் கொடுத்திருந்தார். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடக்கிற மாவட்டம் இது. 2017-ல் தடை விலகியதிலிருந்து நல்ல காளைக் கன்றைத் தேடி வருகிறவர்களுக்குக் குறைவில்லை. அந்தப் பணத்தில் தொழுவத்துக்குத் தகரம் போட்டுவிடலாம் என்று அப்பத்தா கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வந்தவர் திண்ணையில்கூட உட்காரவில்லை. “இது என் காளைக்குப் பொறந்ததில்ல ஆத்தா. உங்க மாடு வேற எங்கயோ சேர்ந்திருக்கு” என்றார். அதையே டீக்கடையிலும் சொன்னார். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், “ஆறு மாசம் பொறுத்துப் பாருங்கப்பா” என்றதை யாரும் காதில் வாங்கவில்லை.

போதாக்குறைக்கு மகன் வேறு ஒன்றை நினைவுபடுத்தினான். காளைக்குச் சேர்த்து மூன்று வாரம் கழித்து ஒருநாள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டது. கண்மாயில் ஒரு செவலைக் காளை மேய்ந்துகொண்டிருந்தது. பசு சினைப்படாவிட்டால் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று ராத்திரி அப்பத்தாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொய் சொன்னவள் என்ற பேரோடு, அது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பேத்தி அந்த வாரக் கடைசியில் வந்தாள். வந்ததும் கன்றைப் பார்க்கவில்லை, காலண்டரைக் கேட்டாள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் ஏப்ரல் 20-ஐ அப்பத்தா வட்டம் போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து எண்ணினால் கன்று பிறந்தது 284-வது நாள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கண்மாய்க் காளைதான் அப்பன் என்றால் 263 நாள்தான் ஆகிறது. குறைமாதக் கன்றாக, எழுந்து நிற்கத் தடுமாறியிருக்கும். இதுவோ பிறந்த ஒரு மணி நேரத்தில் மடி தேடிப் போன கன்று.

“பாம்பா இருந்தா இந்தக் கணக்கு எடுபடாது அப்பத்தா” என்று சிரித்தாள் பேத்தி. வெளிநாடுகளில் ஆப்பிரிக்க மலைப்பாம்புகளை நிறத்துக்காகவே வளர்த்துக் குட்டி எடுக்கிறார்கள். பெண் பாம்பு ஆணின் விந்தை உடம்பில் பல மாதம் சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால், எதிர்பாராத நிறத்தில் குட்டி வந்தால் அப்பன் இந்த ஆணா, முன்பு சேர்ந்த ஆணா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவில் 15 வருஷத்துக்கு மேலாக ஆணோடு சேராத ஒரு கிழப் பாம்பு 2020-ல் முட்டையிட்டது. “நல்லவேளை, நான் மாட்டைக் கட்டினேன்” என்றார் அப்பத்தா.

நிறத்துக்கு வந்தாள் பேத்தி. கறுப்பு-வெள்ளை ஹெச்.எஃப். மாடுகளில் தாய், தகப்பன் இரண்டும் கறுப்பாக இருந்தும் சிலசமயம் சிவப்புக் கன்று பிறக்கும். இரண்டும் சிவப்பை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், நான்கில் ஒன்று அப்படி வர வாய்ப்புண்டு. ஆனால், இங்கே அதுகூட இல்லை. காங்கேயம், உம்பளச்சேரிக் கன்றுகள் பொதுவாகப் பிறப்பதே செவலையாகத்தான். ஆறு மாத வாக்கில் சாம்பலாக மாறும். காளையாக வளரும்போது திமிலும் கழுத்தும் கறுக்கும். மணப்பாறைச் சந்தையில் வளர்ந்த பசுவாக வாங்கிய அப்பத்தாவுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அதற்கு முன்பு அவர் வளர்த்ததெல்லாம் ஜெர்சி கலப்பு.

ஆடி பிறந்தபோது கன்றின் செம்பட்டை முடி உதிர்ந்து அடியில் சாம்பல் தெரிந்தது. ஆவணியில் கன்று மயிலை.

சிங்கப்பூர்க்காரர் தயங்கித் தயங்கி வந்தார். கன்றின் முதுகைத் தடவிக்கொண்டே, “நம்ம காளையேதான்” என்றார். பேத்தி விடவில்லை. “செவலையா இருந்ததால உங்க காளைது இல்லன்னு சொன்னது தப்பு அண்ணே. மயிலையா மாறிட்டதால உங்க காளைதுதான்னும் சொல்லிட முடியாது. வால் முடியை வேரோட பிடுங்கி டி.என்.ஏ. பாத்தாதான் உறுதி.” அவர் அதெல்லாம் வேண்டாம் என்றார். நாள் கணக்கே போதுமாம். அந்தக் கணக்கு தையிலேயே இருந்தது.

பையிலிருந்து பணத்தை எடுத்தார். அப்பத்தா கை நீட்டவில்லை.

“டீக்கடையில சொன்னத டீக்கடையிலயே மாத்திச் சொல்லிட்டு வா தம்பி. அப்புறம் வெல பேசுவோம்.”

போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்பத்தா பணத்தை இரண்டு முறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். கன்றை ஓட்டிக்கொண்டு போனபோது, நாலு வீடுதான் என்றாலும் பசு இருட்டும்வரை கத்திக்கொண்டே இருந்தது.