பெயர் இல்லாத கட்டம்

என் தங்கை மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதம் போகவேண்டும் என்றார் அப்பா. இருநூறு கடிதம் எழுத அவர் கை இப்போது இடம் கொடுப்பதில்லை. "கம்ப்யூட்டர் எழுதும் அப்பா" என்று சொல்லி நான் மாட்டிக்கொண்டேன்.

வித்தை இதுதான். கடிதத்தை ஒரே முறை எழுதி, பெயருக்கும் விலாசத்துக்கும் இடம் விட்டுவைப்பது. விவரங்களை வேறோர் அட்டவணையில் நிரப்புவது. இரண்டையும் இணைத்தால் ஆளுக்கொரு கடிதம் வந்து விழும். 'மெயில் மெர்ஜ்' என்கிறார்கள். அட்டவணையில் குறுக்கு வரி ஓர் ஆள். நெடுக்கு வரிசை ஒரு விவரம். பெயர்களை மட்டும் அகராதி வரிசைப்படுத்திவிட்டு விலாசங்களை மறந்தால், ஒருவர் பெயர் இன்னொருவர் வீட்டில் குடியேறிவிடும். முதல் நாள் நான் அதைத்தான் செய்தேன்!

மூலம், தாத்தா தொடங்கி அப்பா தொடர்ந்த விலாச நோட்டு. எங்கள் ஆர்.கே.பேட்டையின் சரித்திரமே அதில் இருக்கிறது. பழைய பக்கங்களில் சித்தூர் ஜில்லா. திருத்தணி தாலுகா 1960 ஏப்ரல் 1-ல் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு செங்கற்பட்டு. 1997 முதல் திருவள்ளூர். 1972-ல் வந்த பின்கோடு ஓரத்தில் வேறு மையில். இனிஷியல் இன்னொரு வம்பு: தமிழருக்கு அது தகப்பனார் பெயர், தெலுங்கருக்கு வீட்டுப் பெயர். எல்லாவற்றையும் 'முழுப் பெயர்' என்ற ஒரே வரிசையில் போட்டுச் சமாளித்தேன்.

சரிபார்க்க அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பெயரில் விரலை வைத்தார். அவரோடு தறி நெய்த நண்பர். பிறகு பள்ளிப்பட்டுக்குக் குடிபோனவர். காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

"எடுத்துடட்டுமா?"

"ஏன்? அண்ணி இருக்காங்களே."

"அவங்க பேர் என்னப்பா?"

அப்பா விழித்தார். ஐம்பது வருஷம் அந்தக் கையால் சாப்பிட்டவர். அம்மாவைக் கேட்டேன். "அக்கான்னுதானே கூப்பிடுவேன்" என்றாள். கற்பனைப் பெண்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பிழைக்கிற எனக்கும் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அச்சடித்துப் பார்த்தேன். 'திருமதி' என்ற சொல்லும், அதற்குப் பின் ஒரு காற்புள்ளியும் அநாதையாக நின்றன.

அப்பா போனை எடுத்தார். "அண்ணி, உங்க பேரு என்ன?"

எதிர்ப்புறம் சிரிப்பு, அப்புறம் சற்று மௌனம். "எதுக்கு?"

"கடிதாசு போடணும்."

"என் பேருக்கா? இதுவரைக்கும் வந்ததே இல்லையே..."

பிறகு சொன்னார். அப்பா அதை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறந்தான் எனக்குச் சொன்னார்.

அன்று இரவு கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னார். அடியில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

"அதுக்குக் கீழே உங்கம்மா பேரையும் போடு" என்றார்.

இருநூறு இடத்தில் திருத்த வேண்டியிருக்கவில்லை. மூலக் கடிதத்தில் ஒரு முறை எழுதினேன், போதுமாக இருந்தது.