சுணை ஏறிய விரல்

கோர்வைப் புடவைக்குப் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். வலது கட்டைவிரல் பட்ட இழையெல்லாம் சிக்கிச் சிக்கி இழுத்தது. நகம் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வெளிச்சத்தில் சாய்த்தபோதுதான் தெரிந்தது: பொன்னிறத்தில், தலைமுடியைவிட மெல்லிசாக, பத்துப் பன்னிரண்டு சுணைகள் நட்டுக்கொண்டு நின்றன. காலையில் மாடியில் சப்பாத்திக்கள்ளித் தொட்டியை வெயில் பக்கம் நகர்த்தியிருந்தேன். அன்றைக்கு அதோடு வேலை முடிந்தது. ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்க வேண்டிய விரல் அது. சொரசொரப்பு ஏறினால் பட்டு அதை மன்னிக்காது.

சப்பாத்திக்கள்ளியின் நீள முள்ளைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது நேர்மையான முள். கண்ணுக்குத் தெரியும், குத்தினால் பிடுங்கிப் போடலாம். முள்ளின் அடியில் பஞ்சுப்பொட்டு மாதிரி மெத்தென்று இருக்கிறதே, அந்தச் சுணைதான் ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் நுனியில் தூண்டில் போலப் பின்பக்கம் வளைந்த செதில் உண்டு. வேட்டியில் தேய்த்தால் இன்னும் உள்ளே போகும், வேட்டிக்கும் ஏறும். நான் கண்டுபிடித்த வழி ஃபெவிகால். விரலில் தடவி, நன்றாகக் காயவிட்டு, தோல் உரிப்பதுபோல உரித்தால் பெரும்பாலும் அதோடு வந்துவிடும். வராததை இடுக்கியால் எடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு தொல்லை கொடுப்பதை எதற்கு வளர்க்கிறாய் என்று அம்மா இருந்தவரை கேட்டுக்கொண்டிருந்தாள். முள் செடி வீட்டுக்கு ஆகாது என்பது அவள் கட்சி. திருஷ்டிக்கு வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியவளும் அவள்தான். அதற்கும் முள் இருக்கிறதே என்றால், “அது வேற, இது வேற, போய் வேலையப் பாருடா” என்பாள். ‘கள்ளி’ என்ற பேர்தான் அவளைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு நம் ஊர்ப்பக்கம் இருக்கிற நினைவு நல்ல நினைவு இல்லை. ஆனால் சப்பாத்திக்கள்ளியில் பால் கிடையாது. வெட்டினால் வெண்டைக்காய் மாதிரி வழுவழுப்புதான் வரும். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் இந்த மண்ணில் பழையவை. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தது. முள்ளைப் பார்த்து நம்மவர்கள் பேரில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்குப் பேர்போன ஊரில் கள்ளி வளர்க்கிறவன் நான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன வயதில் பாலாற்றங்கரை வேலியில் பழம் பறித்துத் தின்ற ருசி. தரையில் போட்டுச் செருப்புக்காலால் உருட்டிச் சுணையைத் தேய்ப்போம். உள்ளே நட்சத்திர முள் இருக்கும், அதை எடுக்காமல் தின்றால் தொண்டையில் மாட்டும் என்று பெரிய பையன்கள் மிரட்டுவார்கள். நாக்கு, உதடு, சட்டை எல்லாம் சிவந்து வீட்டுக்குப் போய் அடி வாங்குவோம்.

வளர்ப்பதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும் என்பதுதான். போன வருஷத்து மட்டை ஒன்றைக் கணுவில் வெட்டுங்கள். செய்தித்தாளை நாலாக மடித்து வளையமாக்கிப் பிடித்தால் கை தப்பிக்கும். வெட்டியதை உடனே நட்டுவிடாதீர்கள். பத்து நாள் நிழலில் கிடக்கட்டும், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். மண் தொட்டி நல்லது. அடியில் உடைந்த செங்கல், மேலே செம்மண்ணும் மணலும் சரிபாதி. மட்டையில் கால்வாசி புதைந்தால் போதும். ஆடும், சாயும்; இரண்டு கல்லை முட்டுக் கொடுங்கள். நட்ட பிறகும் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கூடாது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். மட்டை சுருங்குவதைப் பார்த்ததும் மனசு கேட்காமல் ஒரு சொம்பு ஊற்றிவிடுவார்கள். வேர் இல்லாத செடி தண்ணீரை என்ன செய்யும்? அழுகும்.

வேர் பிடித்த பிறகு கோடையில் வாரம் ஒரு தடவை, மண் முழுக்கக் காய்ந்ததைப் பார்த்து ஊற்றுவேன். ஐப்பசி, கார்த்திகையில் சொட்டுக்கூடக் கிடையாது. தொட்டிகளை ஓட்டுச் சாய்ப்பின் கீழே தள்ளிவிடுவேன். 2015 மழையில் அதைச் செய்யத் தவறினேன். வீட்டில் குழித்தறியின் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. பாவை நனையாமல் காப்பாற்றுகிற பதற்றத்தில் மாடியை யார் நினைத்தார்கள்? மழை விட்டு ஏறிப் பார்த்தால் ஆறு தொட்டியில் நான்கு போயிருந்தது. மேலே பச்சையாகத்தான் நின்றன. அடியில் விரலை வைத்தால் கூழ். மிஞ்சிய மேல்மட்டைகளை வெட்டிக் காயவைத்துத்தான் மறுபடி தொடங்கினேன். இந்தச் செடியில் அது ஒரு வசதி, ஒரு மட்டை தப்பினால் போதும்.

அடுத்த எதிரி வெள்ளைப் பூச்சி. ஒருநாள் மட்டைகளின் மேல் பஞ்சு பிய்த்து ஒட்டியதுபோல இருந்தது. மாவுப்பூச்சி என்று நினைத்துக் கட்டைவிரலால் ஒன்றை நசுக்கினேன். விரல் ரத்தமாகிவிட்டது. முள் குத்திவிட்டதென்று உதறினேன்; வலியே இல்லை. துடைத்தால் துணியில் அரக்கு நிறம். சாயக்காரன் வீட்டு வாசலில் வளர்ந்தவனுக்கு அந்த நிறத்தைப் பார்த்துச் சும்மா இருக்க முடியுமா?

பிறகு தேடிப் படித்தேன். அது கொச்சினீல் இனத்துப் பூச்சி. மெக்சிகோவில் இதன் உறவான ஒரு வகையைக் கள்ளியின் மேல் ஆடு மாடு மாதிரி வளர்த்து, காயவைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். அந்த வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் அதில் கண். 1780களின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் சைதாப்பேட்டைப் பக்கம் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்க்க இந்தப் பக்கம் பாடுபட்டவரும் அவரே. 1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சி கடைசியில் மட்டமான காட்டு வகையாகப் போயிற்று. சாயம் தேறவில்லை. ஆனால் அப்போது இங்கே இருந்த ஒரு வகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. பிற்பாடு மஞ்சள் பூ பூக்கிற இன்னொரு வகை தென்னாட்டில் காடாகப் பரவி நிலங்களை விழுங்கியபோது, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து வேண்டுமென்றே விட்டார்கள். சில வருஷத்திலேயே கள்ளிக்காடுகள் சரிந்தன. சாயத்துக்காகத் தேடப்பட்ட குடும்பம் கடைசியில் களை எடுக்கிற கூலியாளாக ஆனது.

நான் சுரண்டியது இரண்டு ஸ்பூன் இருக்கும். காயவைத்துப் பொடித்து, படிகாரம் போட்டு, வேண்டாத வெள்ளைப் பட்டு நூலை முக்கிக் கொதிக்கவிட்டேன். பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் கள்ளிப்பழச் சாறு. சாறுதான் கண்ணைப் பறித்தது, கத்திரிப்பூவும் சிவப்பும் கலந்த நிறம். பூச்சிச் சாயம் மங்கலான ரோஜாவாகத்தான் ஏறியது. இரண்டையும் அலசினேன். பழச்சாயம் முதல் தண்ணீரிலேயே பாதி ஓடியது, மிச்சம் மாடி வெயிலில் நாலு நாளில் வெளுத்தது. பூச்சிச் சாயம் அசையவில்லை. தெருவில் பழைய சாயக்கார அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். நூலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “நிக்குதுப்பா. ஆனா இத வெச்சு ஒரு முந்தானைக்குச் சாயம் போடணும்னா காஞ்சிபுரத்துல கள்ளி பத்தாது” என்றார். நாம் அரக்கு என்று சொல்கிற புடவை நிறத்துக்கே பூச்சியிலிருந்து வந்த பேர்தான், மரத்தில் அரக்கு கட்டுகிற பூச்சி. இப்போது எல்லாம் பாக்கெட் பொடி.

அந்த ரோஜா நூல்கண்டு தறிக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. பூச்சியை அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து எடுத்துவிடுகிறேன். வேப்பெண்ணெயும் தெளிக்கிறேன். விட்டால் மட்டை மஞ்சளடித்து உதிர்ந்துவிடும். கள்ளி வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். பாவு பிணைக்கிற நாளுக்கு முன்னால் இரண்டு நாள் மாடிக்கே போவதில்லை.

மட்டை வேண்டுகிறவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம், செய்தித்தாள் மட்டும் கொண்டுவாருங்கள். ஒன்றே ஒன்று: வளர்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ வீசாதீர்கள். துண்டு துண்டாக நறுக்கி, நன்றாகச் சுருங்கிக் கருகும்வரை வெயிலில் போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள். பச்சையாக வீசினால் விழுந்த இடத்தில் வேர் விட்டுவிடும்.