மாடு மேயும் ஓடுதளம்

புதுக்கோட்டைக்காரர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் வடக்கே திருச்சிக்குப் போக வேண்டும். தெற்கே போனாலும் ஒரு விமான தளம் உண்டு, ஆனால் அங்கே விமானம் இருக்காது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் சிவகங்கை மாவட்டத்தில், கானாடுகாத்தானுக்கும் செட்டிநாடு ரயில் நிலையத்துக்கும் பக்கத்தில் கிடக்கிறது அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்டது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை எட்டிப் பார்ப்பதில்லை. அதற்காகவே ஒரு நாள் கிளம்பினேன்.

நண்பரின் பைக்கில் புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையைப் பிடித்தோம். இருபது கிலோமீட்டரில் திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை பாறைமேல் நிற்கிறது. உச்சியில் ஏறி நின்றால் தெற்கே எங்கும் மலை இல்லை. செம்மண், செம்புறாங்கல், பொட்டல், நடுவே கண்மாய்கள். நெல் விளைவிக்கப் பாடுபட வேண்டிய பூமிதான். ஆனால் விமானம் இறங்க இதைவிட வசதியான தரை அமைவது கடினம். செம்புறாங்கல் கெட்டியாக இருக்கும், மழை நின்றதும் சீக்கிரம் காயும். போதாக்குறைக்குத் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரை வரை ரயில் பாதை 1930-க்குள்ளேயே வந்துவிட்டது.

கானாடுகாத்தான் பக்கம் டீக்கடையில் வழி கேட்டேன். பெஞ்சில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

“ஏரோட்ரோமா? அங்க என்ன இருக்கு தம்பி? மாடு மேய்க்கப் போறவுகளுக்குத்தான் அது தெரியும்.”

“அதைத்தான் ஐயா பார்க்க வந்தோம்.”

“வெள்ளைக்காரன் போட்டது. அப்புறம் யாரும் ஒண்ணும் போடல” என்று சொல்லி, கையால் கிழக்கையும் மேற்கையும் சேர்த்துக் காட்டினார்.

அவர் சொன்ன இரண்டே வரியில் அந்தத் தளத்தின் சரித்திரம் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது. மிச்சக் கால்வாசிக்கு 1942-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரல் 5-இல் கொழும்பு, 6-இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-இல் திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு விழுந்தது. சென்னை பாதி காலியானது. அதன்பிறகுதான் தென்னிந்தியா எங்கும் ஓடுதளங்கள் முளைத்தன. போரின் கடைசிக் கட்டத்தில் மலேயாவை மீட்கும் ‘ஜிப்பர்’ நடவடிக்கைக்காக ஸ்பிட்ஃபயர் படைப்பிரிவுகள் இந்தத் தென்கோடித் தளங்களில்தான் தயாராயின.

இதில் செட்டிநாட்டுக்கு மட்டும் உரிய ஒரு கணக்கு இருக்கிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்று, நிலமும் மில்லும் தோட்டமுமாகச் சேர்த்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ரங்கூன் விழுந்தபோது பலர் பேரேட்டை மட்டும் சுமந்துகொண்டு காட்டு வழியே நடந்து வந்தார்கள். பறிகொடுத்த அந்தச் சீமைகளை மீட்கப் போகும் போருக்குத் தங்கள் வீட்டு வாசலுக்கு அருகிலேயே விமான தளம் எழுந்ததையும் பார்த்தார்கள். போரில் பிரிட்டன் ஜெயித்தது. பர்மாவில் விட்டு வந்த நிலமோ திரும்பவில்லை.

நாங்கள் போன இடத்தில், அரசுக் கால்நடைப் பண்ணை நிலங்களை ஒட்டி, முள்மரங்களுக்கு நடுவே தரை திடீரென்று நேர்கோடாக விரிந்தது. தார் பெயர்ந்து ஜல்லி தெரிந்தது. வெடிப்புகளில் புல். ஓரத்தில் மாடுகள். கண்ணுக்கெட்டிய தூரம் வளைவே இல்லாத ஒரு கோடு நம் ஊர்ப்பக்கம் அபூர்வம். நம் சாலைகள் கண்மாய்க்கும் கோயிலுக்கும் ஒதுங்கி வளைந்து போகிறவை. இது எதற்கும் ஒதுங்காமல் போகிறது. போட்டவர்களின் அவசரமும் அதிகாரமும் அந்தக் கோட்டிலேயே தெரிகின்றன.

போர் முடிந்து கைவிடப்பட்ட தளங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தில் லாஷம் என்ற போர்க்காலத் தளம் 1950-களிலிருந்து என்ஜின் இல்லாத கிளைடர்களை ஓட்டுவோரின் மைதானம் ஆயிற்று. வார இறுதியில் ஆசிரியரும் கடைக்காரரும் வந்து பறந்துவிட்டுப் போகிறார்கள். குண்டுவீச்சு விமானங்கள் நின்ற சில்வர்ஸ்டோனில் 1948-இலேயே கார்ப் பந்தயம் தொடங்கிவிட்டது. நம் சோழவரமும் அதே பாதையில் போனது. சென்னைக்கு வடக்கே உள்ள அந்தப் போர்க்காலத் தளத்தில் பல பத்தாண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்து, பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. தஞ்சாவூர்த் தளம் இன்று விமானப் படை நிலையம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் போர் விமானங்கள் நிற்கின்றன. ராமநாதபுரத்து உச்சிப்புளி 2009-இல் ‘ஐஎன்எஸ் பருந்து’ என்ற கடற்படைத் தளமானது. உடன்பிறப்புகள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட, செட்டிநாடு மட்டும் வீட்டோடு இருந்துவிட்டது.

இங்கே பொழுதுபோக்காகப் பறக்கும் ஆசை யாருக்கும் இல்லாமலா போயிற்று? காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார், லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தபோது குரோய்டனில் விமானம் ஓட்டப் பழகிச் சான்றிதழும் வாங்கியவர். ‘ஜூபிடர் ஏர்வேஸ்’ என்று சொந்தமாக ஒரு விமான நிறுவனமும் நடத்தினார். அது நீடிக்கவில்லை. பறக்கத் தெரிந்தவர், பணம் உள்ளவர், ஊருக்குப் பக்கத்தில் ஆயத்தமாக ஓடுதளம். ஒரு பறக்கும் கழகம் தொடங்க வேறென்ன வேண்டும்? ஆனால் 1947-இல் அவர் தொடங்கியது கல்லூரி. அடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். கழகம் வந்திருந்தால் பத்துப் பேர் பறந்திருப்பார்கள். கல்லூரி வந்ததால் இந்த வறண்ட பூமியிலிருந்து பல தலைமுறைப் பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். அந்தத் தேர்வில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனாலும் அன்றைக்கு இரண்டில் ஒன்று என்று இருந்த நிலைமை இன்றைக்கும் அப்படியே இருக்க வேண்டுமா? பெங்களூரு ஜக்கூரில் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் 1940-களின் கடைசியில் வந்த பயிற்சித் தளத்தில்தான், 1949-இல் உஷா சுந்தரம் விமானம் ஓட்டப் படித்தார். பிறகு சென்னை அரசுக்காக இங்கிலாந்திலிருந்து விமானத்தைக் கணவரோடு தானே ஓட்டி வந்தார். நிலம் இருந்தால் போதாது, அதில் பறக்க விடும் ஏற்பாடும் இருந்தால்தான் இப்படி ஒருவர் கிளம்பி வருவார்.

செட்டிநாட்டில் விமான நிலையம் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. பெரிய விமானம் வருமா என்பதைத் திருச்சியும் மதுரையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது லாபக் கணக்குதான் முடிவு செய்யும். கிளைடருக்கும் மாணவர்கள் செய்யும் சிறு விமானங்களுக்கும் டிரோன் பயிற்சிக்கும் அவ்வளவு பெரிய கணக்குத் தேவையில்லை. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, தரை தயாராக இருக்கிறது. வார இறுதியில் மட்டும் ஒரு துண்டு ஓடுதளத்தைத் திறந்துவிட்டால் போதும். மற்ற நாட்களில் மாடுகள் மேயட்டும், அவற்றுக்கும் அது சொந்தம்தான்.

அதுவும் முடியாதென்றால், குறைந்தபட்சம் ஒரு பெயர்ப்பலகை வைக்கலாம். எப்போது, எதற்காக, யாருக்காகப் போட்டது என்று தமிழில் நாலு வரி. செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்களே, ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்த்த கையோடு அரை மணி நேரம் ஒதுக்கி இதையும் பாருங்கள். பண்ணை நிலத்துக்குள் போவதானால் அனுமதி கேட்டுப் போங்கள். வருகிற ஆள் கூடினால்தான் பலகை வைக்கவும் ஆள் வரும்.