திறையும் தீர்ப்பும்

நல்லூரிற் சங்கிலித்தோப்பினைக் கடந்து செல்லுந்தோறும் எமது உள்ளத்தில் எழுவது போர்க்களமன்று, ஓர் உடன்படிக்கையே. வாள் ஒருநாளில் வென்றதனை எழுத்தாணி பல்லாண்டு காத்து நிற்கும் என்பதற்கு யாழ்ப்பாண அரசினும் சிறந்த சான்று யாம் கண்டிலேம்.

1560-ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கினர்; ஆயினும் அங்கு நிலைத்திலர்; மன்னாரை மட்டுங் கைக்கொண்டனர். 1591-இல் அந்திரே பூர்த்தாடோ மீண்டும் படையொடு வந்தான். அரசன் கொல்லப்பட்டான், எதிர்மன்னசிங்கன் அரியணை ஏற்றப்பட்டான். போர்த்துக்கல்லுக்குத் திறை செலுத்துதலும் பாதிரிமார்க்கு இடங்கொடுத்தலும் அவன்மேற் சுமத்தப்பட்டன. முடி நம்மவன் தலையில். அதனைச் சூட்டிய கையோ அயலவர் கை.

எனினும் அவனை வெறும் பொம்மை எனத் தள்ளிவிடுதல் முறையன்று. திறை கொடுத்துக்கொண்டே, கண்டியரசனுக்குத் தென்னிந்தியாவினின்றும் வந்த உதவிக்கு அவன் வழிவிட்டான் எனப் போர்த்துக்கேயர் ஐயுற்றனர். இருபத்தாறு ஆண்டுகள் இரு வல்லாரிடையே அவன் நாட்டை நிலைபெறச் செய்தான். மெலியாரின் இராசதந்திரம் அதுவே. அவன் 1617-இல் மறைந்தபின் ஆட்சியைக் கைப்பற்றிய சங்கிலி குமாரன் தஞ்சை நாயக்கரின் படைத்துணையை நாடினான். 1619-இற் பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாணத்தை வென்றான். குமாரன் கோவாவிற் கொலைத்தண்டம் பெற்றான். அவனது வழக்கைக் கேட்க உலகில் ஒரு மன்றமும் இருந்ததில்லை.

இக்காலத்து நிலை வேறு. 18-ஆம் நூற்றாண்டிலே புதுச்சேரியினின்றும் தமிழ்க் கைவினைஞர் சென்று குடியேறிய மொறீசியசுத் தீவினை நோக்குக. 1968-இல் அது விடுதலை பெறுமுன், 1965-இலேயே பிரித்தானியா சாகோசுத் தீவுகளை அதனின்றும் பிரித்தெடுத்தது. அங்கு வாழ்ந்தோரும் பின்னர் அகற்றப்பட்டனர். மொறீசியசு படை திரட்டிற்றிலது, வாதம் திரட்டிற்று. 2019-இல் அப்பிரிவினை சட்டத்துக்கு ஒவ்வாதென அனைத்துலக நீதிமன்றம் கருத்துரைத்தது. 2025 மே 22-இற் பிரித்தானியா அத்தீவுகளின் இறைமையை மொறீசியசுக்கு ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. ஆயினும் தியேகோ கார்சியாவிலுள்ள படைத்தளத்தைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமையை அவ்வுடன்படிக்கை பிரித்தானியாவுக்கு அளிக்கின்றது. நாடிழந்த மக்களுட் பலர், எம்மைக் கேளாது முடித்தீர் என முறையிடுகின்றனர். ஆதலின் அவ்வெற்றியும் நிறைவெற்றியன்று.

இளமாணாக்கர்க்கு யாம் கூற விழைவது இதுவே: வரலாற்றைப் போர்களின் அட்டவணையாகக் கல்லாதீர், உடன்படிக்கைகளின் வரிகளையும் கற்பீராக. சட்டமும் மொழிகளும் பயில்வீராக. சிறிய இனத்துக்கு அரண் கல்லால் மட்டும் அமைவதன்று. எழுதப்பட்ட சொல்லைத் தெளிந்து கையொப்பமிடும் அறிவாலும் அமைவதாகும்.